சீமெந்து லொறி வந்த இரவுகளின் கணக்கு

என்னிடம் 80 பக்க சிங்கிள் ரூல் கொப்பி ஒன்று இருக்கிறது. ஓரமெல்லாம் சீமெந்துத் தூசி ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. முதல் வரியில் ‘2017 மார்ச் 6, திங்கள், காலை 8.00 – இரவு 7.30’ என்று இருக்கும். அடுத்த மூன்று வரியும் அப்படித்தான். ஐந்தாவது வரியில் மட்டும் ‘லொறி 9.15 – 11.40, 400 மூட்டை, நாங்கள் மூன்று பேர்’ என்று கூடுதலாக எழுதியிருக்கிறேன். அந்தக் கொப்பியை எழுதத் தொடங்காமல் இருந்திருந்தால், செய்த வேலைக்கு எனக்குச் சேர வேண்டிய காசைக் கேட்பதற்கு என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஏழு வருடம் வேலை செய்தேன். 2012 பெப்ரவரியில் சேரும்போது எனக்கு இருபது வயது. எங்களுக்குச் சொந்த இடம் விசுவமடுப் பக்கம். 2009இல் எல்லாம் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010 கடைசியில் காணிக்குத் திரும்பினோம். தறப்பாள் கொட்டில், இரண்டு தங்கச்சிமார், அப்பா இல்லை. கடை முதலாளி அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. அதனால் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். ‘பொடியனைக் கொண்டுவந்து விடுங்கோ அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்’ என்று அவர் சொன்ன அன்று அம்மா அழுதுவிட்டா. அந்த நேரத்தில் வன்னியில் ஒரு வேலை என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

அது வீடு கட்டிய காலம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, தவணை தவணையாக வந்தது. தாங்களே நின்று கட்ட வேண்டும் என்பதால் சனம் கடைக்கு வந்துகொண்டே இருந்தது. சீமெந்து, கம்பி, ஓடு, கதவு நிலை, தண்ணீர்க் குழாய் எல்லாம் போனது. திருகோணமலையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் லொறிகள் பெரும்பாலும் இரவில்தான் வரும். சாரதிக்கு விடிய முன் திரும்ப வேண்டும், ஆகவே உடனே இறக்க வேண்டும். கடை பூட்டிய பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது போன் வரும். சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடுவேன். ஒரு மூட்டை 50 கிலோ. முதல் வருடம் முதுகு பழகும் மட்டும் நான் குப்புறப் படுத்துத்தான் நித்திரை கொண்டேன்.

மாமா கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கணக்குப் பிழைத்துவிடும். 2014இல் அம்மாவுக்கு ஒபரேசன் நடந்தபோது 40,000 ரூபா கொடுத்தார், திருப்பிக் கேட்கவில்லை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லாருக்கும் உடுப்பு எடுத்துத் தருவார். மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வரும். இரவு லொறி இறக்கினால் 300, பிறகு 500 என்று கையில் வைப்பார். இப்படியெல்லாம் செய்கிற ஒருவரிடம் போய் ‘நான் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்கிறேன், அதற்குத் தனியாகக் காசு தாருங்கள்’ என்று எப்படிக் கேட்பது? எனக்கு அந்தக் கேள்வியே ஐந்து வருடமாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். சட்டம் தெரியாதது ஒரு பக்கம். தெரிந்தாலும் நன்றி வாயைக் கட்டிவிடும்.

கண் திறந்தது என் மச்சாளால். அவள் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். 2017 பெப்ரவரியில் ஒருநாள் தன் சம்பளச் சிட்டையைக் காட்டி, தங்கச்சிக்குச் சைக்கிள் வாங்க இந்த மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, ஓவர்டைம் மணித்தியாலம் ஒரு வரி, அதற்கான காசு ஒரு வரி, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் கழித்தது ஒரு வரி, முதலாளி போட்ட 12 வீதம் இன்னொரு வரி. நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

‘அத்தான், உங்கட சிட்டையைக் காட்டுங்கோ, எது கூட எண்டு பாப்பம்’ என்றாள்.

எனக்குச் சிட்டை இல்லை. மாதம் முடிய மாமா லாச்சியைத் திறந்து எண்ணித் தருவார். நான் எண்ணாமல் சட்டைப் பையில் வைப்பேன். எண்ணினால் அவர் மனம் நோகும் என்று நினைப்பேன்.

அன்றிரவு நானும் அவளும் ஒரு கணக்குப் போட்டோம். காலை எட்டிலிருந்து இரவு ஏழரை, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் பத்தரை மணித்தியாலம். கிழமைக்கு ஆறு நாள், அறுபத்துமூன்று மணித்தியாலம். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று சொல்வார்கள். அதன்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் மேலதிக வேலை வாங்க முடியாது. நான் செய்தது 18 மணித்தியாலம், இரவு லொறி சேர்க்காமல். இதெல்லாம் மச்சாளுக்கும் அன்று முழுதாகத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தன் தொழிற்சாலைக் கணக்கு மட்டும். கடைக்கு எது பொருந்தும் என்று நான் பிறகுதான் கேட்டு அறிந்தேன். ஆனால் ‘எழுதி வையுங்கோ அத்தான், எழுதாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம்’ என்று சொன்னது அவள்தான்.

அடுத்த மாதமே கொப்பி வாங்கினேன்.

எப்படி எழுத வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு எல்லாமே இதில்தான் தங்கி நின்றது. ஒவ்வொரு நாளும் அன்றன்றே எழுதினேன். மாதக் கடைசியில் நினைவில் இருந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், பார்க்கிறவருக்கு அது தெரிந்துவிடும். வந்த நேரம், போன நேரம், சாப்பிட எவ்வளவு நேரம் கிடைத்தது, யார் யார் கூட நின்றார்கள், லொறி வந்தால் என்ன சாமான், எத்தனை மூட்டை. லீவு எடுத்த நாளையும் எழுதினேன். காய்ச்சலில் படுத்த நாள், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன நாள் எல்லாம் இருக்கிறது. மாமா லொறிக்குத் தந்த 500 ரூபாவையும் விடாமல் எழுதினேன். எனக்குச் சாதகமில்லாததையும் எழுதியிருந்ததால்தான் பிறகு தொழில் அலுவலகத்தில் அந்தக் கொப்பியை உத்தியோகத்தர் நம்பினா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்னொன்று தற்செயலாக நடந்தது. லொறி வந்தால் டெலிவரி நோட்டில் நான் கையெழுத்து வைத்து, அதைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு வைபரில் அனுப்புவேன். சாமான் சரியாக வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவரே சொன்ன ஏற்பாடு. ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே இரவு 11.42, 12.10 என்று நேரம் விழுந்திருந்தது. உங்கள் போனிலும் இப்படி ஏதாவது இருக்கும். வேலை நேரத்தைக் காட்டுகிற குறுஞ்செய்தி, ‘கடையைத் திற’ என்று காலையில் வந்த அழைப்பு, பில் கட்டின் போட்டோ எதையும் அழிக்க வேண்டாம். போனை மாற்றும்போது முதலில் அதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

மாமாவிடம் ஒரு தடவை கேட்டேன். 2018 நடுவில். ‘மாமா, ஏழரை மட்டும் நிக்கிறதுக்கு ஏதாவது பாத்துச் செய்யுங்கோவன்’ என்றேன். கேட்ட விதமே பிச்சை கேட்பது மாதிரி இருந்தது. அவர் கோபப்படவில்லை. ‘என்னடா தம்பி, உன்னை நான் வேலைக்காரன் மாதிரியே வச்சிருக்கிறன்?’ என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்க் கம்பி அளந்தேன். சம்பளம் 24,000. கடைச் சட்டத்தில் மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலக் கூலி வரும், அதாவது 100 ரூபா. ஒன்றரை மடங்கு என்றால் 150. கிழமைக்கு 18 மணித்தியாலம் என்றால் 2,700 ரூபா. மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேலே. அம்மாவின் ஒபரேசனுக்கு மாமா தந்த 40,000ஐ நான் நான்கு மாதத்தில் திருப்பிக் கட்டியிருப்பேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. இந்தக் கணக்கு மனதுக்குள் ஓடத் தொடங்கிய பிறகு, அவர் தந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளும்போது எனக்கு வேறு மாதிரி இருந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான் தம்பி’ என்றா.

வேலையை விட்டது ஓவர்டைமுக்காக அல்ல. 2019 ஜனவரியில் என்னோடு நின்ற ஒரு பொடியனின் பாதத்தில் கம்பிக்கட்டு விழுந்தது. எலும்பு உடைந்து மூன்று மாதம் படுக்கை. 10,000 ரூபா கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை செய்யும் இடத்தில் காயப்பட்டால் நட்டஈடு கொடுக்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. நான் போய் மாமாவிடம் ஈ.பி.எஃப் பற்றிக் கேட்டேன். எனக்கு இப்படி நடந்தால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்ற பயம்தான் கேட்க வைத்தது. ‘நீ நிரந்தரம் இல்லையேடா, உனக்கென்ன ஈ.பி.எஃப்?’ என்றார். ஏழு வருடம். அந்த மாதத்தோடு நின்றுவிட்டேன்.

கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது கடைக் கிளாக் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, கீழே கையெழுத்து வை என்றார். மேலே ஒன்றும் எழுதவில்லை. நான் ‘ஜனவரி மாதச் சம்பளம் 24,000 ரூபா மட்டும் பெற்றுக்கொண்டேன்’ என்று என் கையால் மேலேயே எழுதி, திகதி போட்டு, மிச்ச இடத்தில் குறுக்கே கோடு இழுத்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தயவுசெய்து வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். ‘எனக்கு வரவேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டது’ என்று எழுதிய தாளிலும், உண்மையில் கிடைக்காமல் வைக்காதீர்கள்.

பிறகு நான் செய்தது பெரிய பிழை. காத்திருந்தேன். ‘சித்திரை வருசம் முடியட்டும், பாத்துத் தாறன்’ என்று மாமா சொல்லியனுப்பினார். ஏப்ரல் 21இல் குண்டு வெடித்தது, நாடே முடங்கியது, கடைகளில் வியாபாரமில்லை. அந்த நேரத்தில் போய்க் கேட்க மனம் வரவில்லை. செப்டெம்பரில்தான் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். ஏழு மாதத்துக்கு மேல் கடந்துவிட்டது. அந்தத் தாமதத்தால், வேலையை விடும்போது மொத்தமாகச் சேரும் பணிக்கொடை எனக்கு இல்லாமல் போனது.

பணிக்கொடை விஷயம் கொஞ்சம் சிக்கலானது, ஆனால் சின்னக் கடைகளில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேரும். எங்கள் கடையில் 11 பேர். 15க்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவர் தொழில் தகராறுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பித்துக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். காரணமில்லாமல் வேலையால் நிறுத்தப்பட்டவருக்கும் அதே ஆறு மாதம்தான். நான் போன நாளில் உத்தியோகத்தர் திகதியைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, ஜூலை முடிய முன்னம் வந்திருக்கலாமே’ என்றா. மரியாதை பார்த்துக் காத்திருந்ததற்கு நான் கொடுத்த விலை அது. மாமா வேண்டுமென்று இழுத்தாரா, இல்லை உண்மையிலேயே சித்திரைக்குப் பிறகு தர நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நாள் நமக்காக நிற்காது. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், விண்ணப்பம் ஒரு பக்கம் போகட்டும்.

தொழில் அலுவலகம் என்றவுடன் எனக்குப் பொலிஸ், கோர்ட், லோயர் என்று பயம் இருந்தது. அப்படி ஒன்றுமில்லை. தமிழிலேயே கடிதம் எழுதிக் கொடுத்தேன். கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. கடிதத்தில் முதலாளியின் பெயர், கடை முகவரி, நான் சேர்ந்த திகதி, நின்ற திகதி, செய்த வேலை, கடைசிச் சம்பளம், தரப்படாதது என்னென்ன என்று எழுதி, அடையாள அட்டைப் பிரதியும் வைத்தேன். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பாரமெடுத்த முத்திரை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். ‘கடைக்காரர் அநியாயம் செய்கிறார்’ என்று நான் முதலில் எழுதியிருந்ததை உத்தியோகத்தர் வெட்டச் சொன்னா. ‘கோபத்தை எழுதாதீங்கோ, திகதியையும் தொகையையும் எழுதுங்கோ’ என்றா. இப்போது மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கும்போது நானும் அதைத்தான் சொல்கிறேன்.

நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டா. இல்லை. சம்பளச் சிட்டை? இல்லை. எனக்கு வியர்த்தது. கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். அவ ஒரு பத்து நிமிடம் பேசாமல் புரட்டினா. இடையில் ஒரு பக்கத்தைக் காட்டி, ‘இது போயா தினமல்லோ, அண்டைக்கும் வேலையோ?’ என்று கேட்டா. போயா என்கிற பௌர்ணமி விடுமுறையில் வேலை வாங்கினால் அன்றைய கூலி ஒன்றரை மடங்கு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பிறகு அவ சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. நியமனக் கடிதம் கொடுப்பதும், வேலை நேரம், சம்பளம், லீவு ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்திருப்பதும் சட்டப்படி முதலாளியின் கடமை. அவர் வைத்திருக்காதது என் குற்றமாகாது.

விசாரணைக்கு மாமாவும் கிளாக்கும் வந்தார்கள். வாசலில் கண்டபோது நான் எழுந்து நின்றேன். பழக்கம். உள்ளே அவர், ‘இவர் எங்கட சொந்தக்காரப் பொடியன், உதவிக்கு நிண்டவர், வேலைக்காரன் எண்டு வைக்கேல்லை’ என்றார். வெளியில் எத்தனையோ தடவை எனக்கு இனித்த வார்த்தை அது. அந்த மேசைக்கு முன்னால் அதற்கு வேறு அர்த்தம் வந்தது. வேலைக்காரன் இல்லையென்றால் எனக்கு உரிமையும் இல்லை. உத்தியோகத்தர் வரவுப் பதிவேட்டைக் கேட்டா. இல்லை. சம்பளப் பதிவேடு? இல்லை. நான் வைபர் போட்டோக்களைக் காட்டினேன். அவருடைய போனுக்கே வந்த போட்டோக்கள். இல்லையென்று சொல்ல முடியவில்லை.

முதலில் தீர்ந்தது ஈ.பி.எஃப். ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். நிரந்தரமோ தற்காலிகமோ, நாட்கூலியோ மாதச் சம்பளமோ, ஒரே ஒருவர் வேலை செய்யும் கடையானாலும், முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும். தொழிலாளியின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம். அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். மாமா, ‘அப்ப இவரின்ர எட்டு வீதத்தை இவர் தரட்டும்’ என்றார். அது முடியாது. அந்தந்த மாதச் சம்பளத்தில் கழிக்காமல் விட்டால், பிந்தி வந்து தொழிலாளியிடம் அறவிட முடியாது. இருபது வீதமும் முதலாளிதான் கட்ட வேண்டும், பிந்தியதற்கான மேலதிகக் கட்டணமும் அவர் தலையில். ஏழு வருடத்துக்குச் சராசரிச் சம்பளம் 16,000 என்று வைத்துப் பாருங்கள். 23 வீதம் என்றால் மாதம் 3,680. 84 மாதத்துக்கு மூன்று லட்சத்து ஒன்பதாயிரம். முதலாளிக்கு ஒரேயடியாக வந்தபோது அது பெரிய அடிதான், அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. மாதா மாதம் கட்டியிருந்தால் ஒரு மாதத்தில் நாலைந்து மூட்டைச் சீமெந்தின் விலைதான்.

ஓவர்டைம் அவ்வளவு லேசாக முடியவில்லை. கொப்பி இருந்த 23 மாதத்துக்குத்தான் கேட்க முடிந்தது. அதற்கு முந்திய ஐந்து வருடத்துக்கு என்னிடம் ஒரு வரியும் இல்லை, இரவில் முதுகு வலித்த நினைவு மட்டும்தான். லீவு நாட்களையும், லொறிக்குத் தந்த காசையும் கழித்து 238,000 என்று கணக்கு வந்தது. 180,000க்கு, ஆறு தவணையில், இணங்கினேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து இரண்டு தவணை நின்றுபோய், கடைசித் தவணை 2021 பெப்ரவரியில் கிடைத்தது. இணங்கியது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். முழுத் தொகைக்கும் நின்றிருந்தால் இன்னும் இழுபட்டிருக்கும், உறவு முழுதாக அறுந்திருக்கும். ஆனால் அந்த 58,000ம் நான் சுமந்த மூட்டைதான். உங்களுக்கு இப்படி ஒரு தருணம் வந்தால், அந்த இடத்திலேயே தலையாட்டாமல், ஒருநாள் தவணை கேட்டு வீட்டில் கதைத்துவிட்டு வாருங்கள்.

இப்போதைய எண்களைச் சொல்லிவிடுகிறேன். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2016இல் மாதம் 10,000 என்று சட்டமானது. 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நாட்கூலி என்றால் 1,200. சாப்பாடு போடுகிறேன், தங்க இடம் தருகிறேன் என்று சொல்லி இதற்குக் கீழே கொடுப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். 30,000 எடுக்கும் கடை ஊழியருக்கு ஓவர்டைம் மணித்தியாலத்துக்கு 187 ரூபா 50 சதம். ஆடைத் தொழிற்சாலை மாதிரி, தொழில்வாரியாகச் சம்பளம் நிர்ணயிக்கும் சம்பளச் சபைக்குக் கீழ் வரும் தொழில்களில் 240க்குப் பதில் 200ஆல் பிரிக்க வேண்டும், அப்போது 225. இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் நின்றால் கணக்குப் பிழைக்கும். கடை ஊழியருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் இருக்கிறது, சேர்ந்த முதல் வருடத்தில் மட்டும் வேறு கணக்கு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் திகதிக்குள் கைக்கு வர வேண்டும்.

வேலையில் இருந்துகொண்டே முறையிடப் பயமாக இருந்தால், என் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். அவர்கள் வழமையான பரிசோதனை மாதிரி வந்து பதிவேடுகளைப் பார்ப்பார்கள். ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் யார் சொன்னது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அதையும் யோசித்துச் செய்யுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவது நல்லது. எங்கள் கடையில் மற்றப் பத்துப் பேரும் என்னோடு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கடன், லீசிங், பெண்கள் குழுக் கடன் என்று கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டியவர்கள் ஒரு மாதச் சம்பளத்தைக்கூட இழக்கத் துணிய மாட்டார்கள்.

ஈ.பி.எஃப் கழிக்கிறார்கள் என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒரு தடவை பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் சிட்டையில் மூன்று வருடமாக 8 வீதம் கழித்திருந்தது, கணக்கில் எட்டு மாதக் காசுதான் இருந்தது. அங்கத்துவ இலக்கமும் அடையாள அட்டையும் கொண்டுபோனால் எவ்வளவு வரவு என்று பார்க்கலாம். சிட்டைகளைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

நான் இப்போது பரந்தனில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறேன். சிட்டை தருகிறார்கள், கையெழுத்துக்கு முன் எண்ணிப் பார்க்கிறேன், ஒருவரும் மனம் நோகவில்லை. மாமாவைப் போன வருடம் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் கண்டேன். இருவரும் ஒரே நேரத்தில் தேங்காய் உடைக்க நின்றோம். ‘அம்மா சுகமோ?’ என்று கேட்டார். சுகம் என்றேன். ‘இப்ப எல்லாப் பொடியளுக்கும் கட்டுறன்’ என்றார், எதை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் கதைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் கடிதம் எழுதக் கேட்டு வீட்டுக்கு வருவார்கள். போன கிழமை வந்தவ ஒரு அரிசி ஆலையில் ஆறு வருடமாக நாட்கூலிக்கு நெல் அவிக்கிறவ. கொப்பி ஒன்றும் இல்லை என்று தயங்கினா. வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வேலைக்குப் போன நாட்களைக் கலண்டரில் வட்டமிட்டு, இரவு அவித்த நாட்களுக்கு இரட்டை வட்டம் போடுவாவாம். பிள்ளைகளின் பிறந்த திகதியும் அதில் எழுதுவதால் ஒரு கலண்டரையும் எறியவில்லை. ஆறையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தா. 2021 மட்டும்தான் எண்ணி முடிந்தது. மிச்சத்துக்கு வாற ஞாயிறு வாறன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறா.